சேக்ரமென்டோ உங்கள் தோட்டத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது: பே ஏரியா தமிழ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூப்பர்டினோ, சன்னிவேல், ஃபிரீமாண்ட், மில்பிடாஸ், சான் ஹோசே பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். கொஞ்ச நாளாக நம் வாட்ஸப் குழுக்களில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. எல் கமினோ ரியல் சாலையில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் பழைய கடைவரிசை ஒன்றை இடித்துவிட்டு ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறார்கள். கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் குறுக்கே நிற்பதால் நகர மன்றம் நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாதாம். ஆகவே உள்ளூர் அதிகாரத்தை மீட்க எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது மனு. பொங்கல் விழாவுக்குப் பெயர் கேட்டால் மூன்று நாள் பதில் வராத குழுவில் கையெழுத்து மட்டும் மளமளவென்று விழுகிறது. போட்டவர்களில் பலர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நல்லவர்கள், ஊருக்கு வெள்ளம் என்றால் முதலில் பணம் அனுப்புகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக வாதாடுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நானும் இங்கே சொந்த வீட்டுக்காரன்தான். நான் இந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

"நம் ஊருக்கு எது வேண்டும் என்று நமக்குத் தெரியும், சேக்ரமென்டோ தலையிடக் கூடாது" என்பதுதான் மனுவின் சாரம். சேக்ரமென்டோ என்றால் மாநிலத் தலைநகர், அதாவது மாநில அரசு. சரி. அப்படியானால் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் பின்பக்கத் தோட்டத்தில் ஏ.டி.யூ. கட்டியிருக்கிறீர்கள்? அப்பா அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்குவதற்கும், அவர்கள் திரும்பிப் போனபின் வாடகைக்கு விடுவதற்கும் கட்டிய சிறு வீடுதான். அதற்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்று யோசித்ததுண்டா?

2017க்கு முன்பு அந்த வீட்டைக் கட்டப் போயிருந்தால் பல நகரங்களில் கதை வேறு. மனை இத்தனை ஆயிரம் சதுர அடிக்குக் குறையக் கூடாது, கூரை போட்ட கார் நிறுத்துமிடம் கூடுதலாக வேண்டும், வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், இதெல்லாம் போக வளர்ச்சிக் கட்டணம் தனி. 1982லேயே மாநிலத்தில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஆனால் நகரங்கள் நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு அதைக் காகிதத்தோடு நிறுத்திவிட்டன. கடைசியில் சட்டமன்றம் 2016இலும் மறுபடி 2019இலும் அந்த நிபந்தனைகளுக்குக் கடுமையாகப் பூட்டுப் போட்டது. இன்றைக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டு, 800 சதுர அடியில், 16 அடி உயரத்துக்குள் கட்டினால் நகரம் மறுக்க முடியாது. முழு விண்ணப்பம் கைக்கு வந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 750 சதுர அடிக்குக் குறைந்தால் வளர்ச்சிக் கட்டணம் கேட்கக் கூடாது. கராஜை வீடாக மாற்றினால் போன கார் இடத்துக்குப் பதில் இடம் கேட்கக் கூடாது. குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கமான எச்.ஓ.ஏ.கூட அடியோடு தடை போட முடியாது. இவையெல்லாம் சேக்ரமென்டோ தலையிட்டதால் வந்தவை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெயில் மறைகிறதே என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசி உங்கள் அம்மாவின் அறையைத் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இந்தச் சட்டங்கள்தான்.

அதற்கும் முந்தையது ஒன்று இருக்கிறது. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு. வீட்டுச் சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கைமாறாத வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று அது மாநிலம் முழுக்கக் கட்டிவைத்தது. உள்ளூராட்சிகளின் கையை இதைவிட இறுக்கமாகக் கட்டிய சட்டத்தைக் கலிஃபோர்னியாவில் காட்டுவது கடினம். 2005இல் வாங்கியவர் கட்டுகிற வரிக்கும், அடுத்த வீட்டை நேற்று வாங்கிய இளம் தம்பதி கட்டுகிற வரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கவுண்டி (மாவட்டம்) இணையதளத்தில் போய்ப் பாருங்கள். இத்தனை ஆண்டில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு உள்ளூர் அதிகாரத்தை மீட்போம் என்று நம் குழுவில் யாரும் மனு அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆக நமக்கு மாநிலத் தலையீடு பொதுவாகப் பிரச்சினை இல்லை. அடுத்தவருக்கு வீடு வருகிற தலையீடுதான் உறுத்துகிறது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும்.

மாநிலம் ஏன் இதில் இறங்கியது? நகர மன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் ஏற்கெனவே அந்த ஊரில் இருப்பவர். கட்டப்படாத வீட்டில் குடியேறியிருக்க வேண்டியவர் இன்னும் கிழக்கே தொலைவில் ட்ரேசியிலோ மேன்டீகாவிலோ இருந்து தினமும் ஆல்டமான்ட் கணவாயில் ஊர்ந்து வந்துகொண்டிருப்பார். அவருக்கு இந்த ஊரில் ஓட்டு இல்லை. ஆகவே எந்த நகர மன்ற உறுப்பினராக இருந்தாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "வேண்டாம்" என்பவர்களின் குரல்தான் காதில் விழும். ஒரு நகரம் வேண்டாம் என்றால் பெரிய நட்டமில்லை. நூறு நகரங்கள் ஒவ்வொன்றும் அடுத்த ஊர் கட்டட்டும் என்றால் யார்தான் கட்டுவது? நகரங்கள் எல்லாவற்றுக்கும் மேல் இருந்து கணக்குப் பார்க்க மாநிலத்தால்தான் முடியும்.

அந்தக் கணக்கு 1969லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை வீடு தேவை என்று மாநிலம் கணித்து, அது நகரவாரியாகப் பிரிக்கப்படும். இவ்வளவு வீட்டுக்கு எங்கள் நிலத்தில் இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு நகரமும் திட்டம் காட்ட வேண்டும். 2023 முதல் 2031 வரைக்கான சுற்றில் பே ஏரியாவின் ஒன்பது கவுண்டிகளுக்கும் சேர்த்து 4,41,176 வீடுகள். அதில் ஃபிரீமாண்டுக்கு 12,897, கூப்பர்டினோவுக்கு 4,588. நெடுங்காலம் இது வெறும் சடங்காக இருந்தது. காட்டிய இடத்தில் ஓடுகிற மளிகைக் கடை இருந்தாலும், வீடு கட்ட நினைக்காத தேவாலயம் இருந்தாலும் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுதான் மாற்றம். 2023 ஜனவரி 31க்குள் திட்டம் முடிந்திருக்க வேண்டும். பே ஏரியாவில் பெரும்பாலான நகரங்கள் அந்தக் கெடுவைத் தவறவிட்டன. கூப்பர்டினோவின் திட்டத்தை மாநிலம் ஏற்றது 2024இல்தான்.

4,588 வீடு என்றதும் "எங்கள் ஊர் தாங்காது" என்றார்கள். இதே ஊர்தான் 2013இல் ஆப்பிளின் வட்டக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது. 12,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடம், கிட்டத்தட்ட 11,000 கார்கள் நிற்கிற இடம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நம்மில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட கட்டடங்கள்தான் சோறு போடுகின்றன. ஆனால் கார் நிற்க 11,000 இடம் கண்டுபிடித்த ஊருக்கு ஆள் தூங்க 4,588 இடம் கிடைக்கவில்லை என்பதை எப்படி ஏற்பது? அலுவலகமும் கடையும் வந்தால் நகரத்துக்கு வரி. வீடு வந்தால் பூங்கா, போலீஸ் எனச் செலவு. 13ஆம் முன்மொழிவுக்குப் பிறகு நகரங்கள் அலுவலகத்தை ஆசையோடு வரவேற்று வீட்டை அடுத்த ஊருக்குத் தள்ளியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே கூப்பர்டினோவில் இருந்த வால்கோ மால் என்ற கடைவளாகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1976இல் திறந்த மால். நம்மில் பலர் வந்த புதிதில் குழந்தைகளோடு சுற்றிய இடம். பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் காலி. 2016 நவம்பரில் அதைப் பற்றி இரண்டு முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. கட்டுவதற்குக் கடிவாளம் போடச் சொன்னது ஒன்று, அங்கே கட்ட முன்வந்த நிறுவனம் வைத்த திட்டத்தை ஏற்கச் சொன்னது மற்றொன்று. இரண்டும் தோற்றன. அதாவது ஊருக்கு எதுவும் வேண்டாம். 2018இல் அந்த நிறுவனம் முந்தைய ஆண்டு வந்திருந்த எஸ்.பி. 35 சட்டத்தின் கீழ் 2,402 வீடுகளுக்கு விண்ணப்பித்தது. அதில் பாதி குறைந்த வருமானக்காரர்களுக்கு. வீட்டு இலக்கில் பின்தங்கிய நகரம், தான் எழுதிவைத்த விதிகளுக்குள் ஒரு திட்டம் அடங்கினால் அதை அனுமதித்தாக வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். கவனியுங்கள், நகரத்தின் சொந்த விதிகள்தான். கூட்டம் மேல் கூட்டம் போட்டு, எழுதாத விதிகளை அன்றன்றைக்குக் கண்டுபிடிப்பதைத்தான் மாநிலம் தடுத்தது. நகர அலுவலகம் அனுமதித்தது. குடியிருப்போர் குழு ஒன்று வழக்குப் போட்டு 2020இல் தோற்றது. வழக்கு ஓடிய காலத்தில் வட்டியும் கட்டுமானச் செலவும் மாறின, திட்டமும் மாறிக்கொண்டே இருந்தது. தீர்ப்பு வந்து பல ஆண்டு வரைக்கும் வேலிக்குள் வெறும் மண்தான். வழக்கில் தோற்றவர்கள் ஒரு வகையில் ஜெயித்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளூர் ஞானம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு உட்சைட் ஊரைப் பாருங்கள். நம் பக்கத்து மலையோரத்துப் பணக்கார ஊர். தனி வீட்டு மனையில் இரண்டு வீடு கட்டலாம், மனையை இரண்டாகப் பிரித்தால் மொத்தம் நாலு வரை கட்டலாம் என்கிற எஸ்.பி. 9 சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அழியும் நிலையில் உள்ள விலங்கின் வாழிடத்துக்கு அதில் விலக்கு உண்டு. உடனே உட்சைட், எங்கள் ஊர் முழுவதுமே மலைச் சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்துவிட்டது. ஒரு மாளிகையை இடித்துவிட்டு அதைவிடப் பெரிய மாளிகை கட்டினால் சிங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே மனையில் இரண்டு சிறு வீடு கட்டினால்தான் சிங்கம் பாவம். மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் பான்டா ஒரு கடிதம் எழுதினார், சில நாளிலேயே ஊர் பின்வாங்கியது. பாசடீனா நகரம் வேறு வழியில் விலக்குத் தேடி அவரிடமே எச்சரிக்கை வாங்கியது. சட்டங்கள் ஏன் இவ்வளவு நீளமாக, இவ்வளவு சந்தேகத்தோடு எழுதப்படுகின்றன என்று கேட்கிறீர்களே, இதனால்தான்.

இதில் நமக்குத் தெரிய வேண்டிய பழைய கதை ஒன்று மில்பிடாஸில் இருக்கிறது. கிரேட் மாலுக்குப் போகாத பே ஏரியா தமிழர் இருக்க முடியாது. ஊருக்குப் போகும் முன் பெட்டி நிறையச் சட்டையும் ஷூவும் வாங்குகிற இடம். அந்தக் கட்டடம் 1955 முதல் 1983 வரை ஃபோர்டு கார்த் தொழிற்சாலை. அதுவரை வடக்கே ரிச்மண்டில் இருந்த தொழிற்சாலையை இங்கே மாற்றப் போவதாக 1953இல் ஃபோர்டு அறிவித்தது. ரிச்மண்டில் வேலை பார்த்தவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் கணிசம். அவர்களும் வேலையோடு சேர்ந்து இடம்பெயர வேண்டும். 1954இல் மில்பிடாஸ் தனி நகராட்சி ஆனது. அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தடுத்துத் தனி வீடுகளை மட்டும் அனுமதிக்கும் அதிகாரத்தை அவசரச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அந்தத் தனி வீடுகளைக் கட்டியவர்களோ வெள்ளையருக்கு மட்டுமே விற்றார்கள். எல்லாருக்கும் விற்கும் வீடுகளைத் தொழிற்சங்கத்தின் துணையோடு கட்ட முயன்றபோது, சாக்கடை இணைப்புக்கான கட்டணம் திடீரென்று பத்து மடங்குக்கு மேல் ஏறியது. தீர்மானங்களில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. மனை அளவு, மாடி, சாக்கடைக் கட்டணம், அவ்வளவுதான். தொழிற்சங்கம் விடாமல் போராடி சன்னிஹில்ஸ் குடியிருப்பை எழுப்பியது. அது இன்றும் இருக்கிறது, நம்மவர்கள்கூட அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டதால் பலர் ரிச்மண்டிலிருந்தே கூட்டாகக் கார் ஓட்டி வேலைக்கு வந்து போனார்கள்.

மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் நிறவெறியர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அபத்தம். நான் சொல்வது கருவியைப் பற்றி. மனை அளவு, மாடி எண்ணிக்கை, கார் இடம் என்ற இந்த விதிகள் ஆளைத் தடுப்பதற்கென்றே வெகு காலம் பயன்பட்டவை. யாரைத் தடுக்கிறோம் என்று வாயால் சொல்லாமலே தடுக்க முடியும் என்பதுதான் அவற்றின் வசதி. இன்றைக்கு நாம் அதைப் பிடித்திருக்கிறோம் என்பதால் அது நல்ல கருவி ஆகிவிடாது.

மாநிலம் தெய்வம் என்றும் நான் சொல்லவில்லை. 1913இல் குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டது இதே சேக்ரமென்டோதான். ஜப்பானியரைக் குறிவைத்த சட்டம். 1923இல் இந்தியர்களும் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் சொன்னதும் அது நம்மவர்கள் தலையிலும் விழுந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுத பஞ்சாபி விவசாயிகள் நிலத்தை நம்பிக்கையான வெள்ளையர் பெயரிலும், இங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலும் எழுதிவைத்துப் பிழைத்தார்கள். இந்தியருக்குக் குடியுரிமை 1946இல்தான் வந்தது. அந்த நிலச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1952இல் செல்லாது என்றது. அப்புறம் 1950இல் மாநில வாக்காளர்களே அரசியலமைப்பில் சேர்த்த 34ஆம் பிரிவு இருக்கிறது. ஏழைகளுக்கு அரசுப் பணத்தில் வீடு கட்டுவதென்றால் உள்ளூர் வாக்கெடுப்பு வேண்டும் என்பது அது. அதை எதிர்த்து சான் ஹோசேயிலிருந்து போன வழக்கு 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்தப் பிரிவு ஒழியவே இல்லை. ஆகவே மேலே இருப்பவர்கள் செய்தால் சரி, கீழே இருப்பவர்கள் செய்தால் தப்பு என்று எனக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. யார் கதவைத் திறக்கிறார்கள், யார் சாத்துகிறார்கள் என்று மட்டும் பார்க்கிறேன்.

உங்கள் பயங்களுக்கு வருகிறேன். பள்ளியில் கூட்டம் வழியும் என்கிறீர்கள். கூப்பர்டினோ யூனியன் பள்ளி மாவட்டத்தில் நடந்தது நேர்மாறு. பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2022இல் மேயர்ஹோல்ஸ், ரெக்னார்ட் என்று இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். எதற்காக அந்தப் பள்ளிகளின் எல்லைக்குள் நாம் வீடு தேடி அலைந்தோமோ, அந்தப் பள்ளிகள். சின்னக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வீடு வாங்க வழியில்லை என்றால் வகுப்பறை எப்படி நிறையும்? நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், நாம் வீட்டை விடவில்லை. அது நம் உரிமை. ஆனால் பள்ளி வழிகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போக்குவரத்து நெரிசல் கூடும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஐந்து மாடி வந்தால் அந்தத் திருப்பத்தில் காலையில் கார் கூடும். ஆனால் அங்கே குடிவர முடியாதவர் வேலையை விட்டுவிட்டா போகிறார்? மவுன்டன் ஹவுஸிலிருந்து 580 நெடுஞ்சாலையில் ஏறி வருகிறார், நம் சாலைகளில்தான் இறங்குகிறார். பயணம் நீளமாகிறது, அவ்வளவுதான். பெரிய போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு நகரம் கார் இடம் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இதையொட்டியதுதான். 2025 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்.பி. 79 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2026 ஜூலை 1 முதல் பெரிய ரயில், விரைவுப் பேருந்து நிலையங்களைச் சுற்றி, தூரத்தையும் சேவையையும் பொறுத்து ஐந்திலிருந்து ஒன்பது மாடி வரை அனுமதிக்கிறது. மனுவில் இதைத்தான் "பேரழிவு" என்று எழுதியிருக்கிறார்கள். சென்னையில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளாட் வாங்கிப் போட்டவர்கள் நம் குழுவில் குறைந்தது பாதிப் பேர். அங்கே முதலீடாகத் தெரிவது இங்கே பேரழிவாகத் தெரிகிறது.

வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயத்தை யாரும் மனுவில் எழுதுவதில்லை, ஆனால் எல்லார் மனதிலும் இருப்பது அது. நேராகவே பேசலாம். ஒரு மனையில் ஒன்றுக்குப் பதில் நாலு வீடு கட்டலாம் என்று சட்டம் சொன்னால் அந்த மண்ணின் மதிப்பு பொதுவாக ஏறத்தான் செய்யும். அதையும் மீறி விலை கொஞ்சம் குறைந்தால்? உங்கள் பிள்ளைகள் திரும்பி வந்து இதே ஊரில் வீடு வாங்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா இல்லையா? இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

மனு சொல்வதில் எதுவுமே சரியில்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. மாநிலச் சட்டங்களில் அரைவேக்காடும் உண்டு. எஸ்.பி. 9க்கு எழுந்த ஆரவாரத்துக்கும் அதன் கீழ் உண்மையில் கட்டப்பட்ட வீடுகளுக்கும் சம்பந்தமே இல்லை, எழும்பியது மிகக் கொஞ்சம். 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர், அந்தச் சட்டம் எளியோருக்கு வீடு என்ற நோக்கத்தைச் சொல்லிவிட்டு அதற்கான வழி எதையும் வைக்கவில்லை என்று சுட்டி, வழக்குத் தொடுத்த ஐந்து நகரங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்றார். அதே ஆண்டில் சட்டமன்றம் அதைத் திருத்த வேண்டியிருந்தது. நகரத்தின் வீட்டுத் திட்டம் ஒழுங்காக இல்லையென்றால் கட்டுபவர் ஜோனிங்கை, அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற நகர விதியை, மீறியே விண்ணப்பிக்கலாம் என்ற 1990ஆம் ஆண்டு விதி முரட்டுத்தனமானது. அதற்கும் 2024இல் எல்லை வகுத்தார்கள். காட்டுத்தீ பற்றிய பயம் முழுக்க நியாயம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபின், எரிந்த இடங்களில் எஸ்.பி. 9ஐக் கட்டுப்படுத்த உள்ளூராட்சிகளுக்கு ஆளுநரே அனுமதி கொடுத்தார். ஒரே சாலையில் எல்லாரும் தப்பி ஓட வேண்டிய மலையடிவாரத்தில் வீடு கூடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர் சொன்னால் நான் அவர் பக்கம் நிற்பேன். எல் கமினோ ரியலில், பேருந்து போகிற ஆறு வழிச் சாலையில், பூட்டிக் கிடக்கும் கடைவரிசைக்கு அந்த வாதம் பொருந்தாது.

இன்னொன்று. நம் குழுவிலேயே வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். எச்-1பி விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டாக நிற்பவர்கள். அவர்களுக்கு நகர மன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆண்டுதோறும் வாடகை ஏறும்போது பிள்ளையின் பள்ளி மாறுமோ என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். மனு அனுப்பியவர்கள் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவில் மனு வந்த அன்றைக்கு அவர்களில் ஒருவர்கூடப் பதில் போடாததைக் கவனித்தீர்களா? சொந்த வீட்டுக்கார அண்ணன்களிடம் யார் வாய் கொடுப்பது என்று இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: நகர மன்றக் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை, குடியுரிமையும் தேவையில்லை. 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டப்படி பொதுமக்கள் யாரும் எழுந்து பேசலாம். இரண்டோ மூன்றோ நிமிடம் கொடுப்பார்கள். பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது.

வீட்டுக்கார அண்ணன், அக்காமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். மனுவில் பெயர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஊர் மீது அக்கறை உண்டென்றால் அதைக் காட்ட இடம் இருக்கிறது. கட்டடம் வருவதைத்தான் நகரம் தடுக்க முடியாது, அது எப்படி வருகிறது என்பதில் நகரத்துக்கு இன்னும் நிறையச் சொல்ல உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குக் கடக்கிற அந்தச் சந்திப்பில் சிக்னல் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் இப்போது இருக்கிற சின்னக் கடைக்காரர்கள் திரும்பி வர இடம் கேளுங்கள். பேருந்தை இன்னும் அடிக்கடி விடச் சொல்லி போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். குறைந்த வருமான வீடுகளின் பங்கைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். கட்டுமான லாரிகள் காலை எத்தனை மணிக்கு வரலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இவையெல்லாம் கேட்டால் நடக்கக்கூடியவை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நகர மன்றத்தில் இதைப் பற்றிய கூட்டம். நான் போகிறேன், ஆதரித்துப் பேசப் போகிறேன். எதிர்த்துப் பேச நினைப்பவர்களும் வாருங்கள், முகம் பார்த்துப் பேசுவோம். வாகனம் இல்லாதவர்கள் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், என் வண்டியில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
சாண்டா கிளாரா கவுண்டியில் உங்களைப் போல ஒரு தமிழ் வீட்டுக்காரன்